ஒரே சொல்லும் இரண்டு ஸ்பீக்கரும்

பக்கவாதம் வந்து எட்டு மாதம் கழித்து, மாசி மாதத்தில் ஒரு காலை, மேக்ஸ்வெல் தன் வீட்டு வாசற்படியில் இடறி விழுந்தார். மூன்றே படிகள்தான். ஆனால் வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காத மனிதருக்கு மூன்று படியே பெரிய சரிவு. புருவத்துக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. மிளகுக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காளியப்பன் போட்டது போட்டபடி ஓடிவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தார்.

தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வி சத்தம் கேட்டுக் குடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க? நாந்தான் ரெண்டு நிமிசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

"சரி," என்றார் மேக்ஸ்வெல்.

"நொம்ப வலிக்குதுங்களா?"

"சரி, சரி."

அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். சேலத்திலிருந்து நாகலூருக்கு இருபத்தாறு வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே முன் சீட்டுக்காரரோடு அரசியல் பேசுவார். அந்த வாயிலிருந்த சொற்களையெல்லாம் ஆனி மாதத்து ஒரு விடியற்காலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. சிலருக்கு இப்படித்தான் ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று சேலத்து டாக்டர் சொன்னார். கஞ்சி வேண்டுமா என்றால் சரி. படுத்துக்கொள்கிறீர்களா என்றால் சரி. தங்கிய சொல் கெட்ட வார்த்தையாக இல்லாமல் 'சரி'யாக இருக்கிறதே என்று ஆரோக்கியசெல்வி கர்த்தருக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள். எதற்கும் முரண்டு பிடிக்காத நோயாளி என்று ஊரே அவரைப் பாராட்டியது.

அவர் ஏன் எழுந்து வந்தார் என்பது அன்று சாயங்காலம்தான் அவளுக்குப் புரிந்தது. புழக்கடையில் துணி எடுக்கப் போனாள். உள்ளே பாடிக்கொண்டிருந்த பாட்டு திக்கித் திக்கி அறுந்தது. அறுந்த மறுநொடி, முதுகுக்குப் பின்னால் கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம். திரும்பினாள். மேக்ஸ்வெல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் அவள் முகத்தில் இல்லை, இடுப்பில் இருந்தது. அங்கே செருகியிருந்த போனில்.

கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஜெஸ்லின் உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்திருந்தாள். அம்மாவின் போனில் பாட்டைப் போட்டால் அது பாடும். போன் சுவர் தாண்டிப் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போனால் ஊமையாகிவிடும். ஆரோக்கியசெல்வி மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். காலை எட்டரைக்கு அவள் பஸ் ஏறும்போது போனும் பஸ் ஏறும், பாட்டும் பஸ் ஏறும். நாலு மணிக்குத் திரும்பி வரும்வரை வீடு மூச்சுவிடாமல் கிடக்கும். இடையில் காளியப்பன் வந்து சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயும் பார்த்தாள். திரை அணைந்துபோனால் அவரால் திறக்க முடியவில்லை. இடது கட்டைவிரல் எங்கெங்கோ பட்டு யார் யாருக்கோ அழைப்பு போனது. தவிர, ஓர் அவசரம் என்றால் காளியப்பன் அவளை எந்த போனில் கூப்பிடுவார்?

துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அப்பா விழுந்தது என்னாலதான். பாட்டை நான் இடுப்புல கட்டிக்கிட்டுப் போயிட்டேன், அவரு அது பின்னாலயே வந்துருக்காரு. போன் இல்லாம பாடற பெட்டி ஏதாச்சும் இருக்குதா?"

ஜெஸ்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இருக்குதும்மா. சின்ன ஸ்டீரியோ செட்டு. நம்ம ஊட்டு வைஃபைல சேத்துட்டா அதுவே நெட்டுல இருந்து பாட்டை எடுத்துக்கும், போன் எங்க இருந்தாலும் கவலையில்ல. நான் இங்கயிருந்தே ஆர்டர் போட்டுர்றேன்."

"வேண்டாங்கண்ணு. காதுல கேக்காம வாங்கறதெப்படி? ஏற்காட்டுல ஹோம் ஸ்டேக்காரங்களுக்கு டிவி, ஸ்பீக்கரெல்லாம் கொடுக்கற கடை ஒண்ணு இருக்குது. சனிக்கிழமை போய்ப் பாக்கறேன்."

தெருவுக்கு ஃபைபர் இன்டர்நெட் லைன் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகள் வீடியோவில் பேசுவதற்கென்று இழுத்தது அது. இன்னொரு வேலைக்கும் ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காளியப்பன் ஒரு சாவுக்காகச் செம்மநத்தம் போய்விட்டார். பக்கத்தில் கூப்பிட ஆளில்லாமல் மேக்ஸ்வெல்லைத் தனியாக விட்டுப் போக அவளுக்கு இனித் துணிவில்லை. வேறு வழியில்லாமல் நீலச் சட்டையைப் போட்டுவிட்டுக் கூடவே அழைத்துப்போனாள். கடையில் ஒரு நாற்காலி கேட்டு உட்காரவைத்துவிட்டால் போதும், வாங்குகிற வேலையைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவள் கணக்கு. அவரைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றினாலும் கேட்டு என்ன பயன்? சரி என்பார்.

கடை ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடியில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் விஜயகுமார் எழுந்து நின்றுவிட்டார்.

"மேக்ஸ்வெல் அண்ணன்தானுங்களே இது! உங்க பஸ்லதானுங்க நான் மூணு வருசம் காலேஜ் போனேன். கைகாட்டுனா எந்த வளைவுலயும் நிறுத்துவீங்க. கண்டக்டர்தான் திட்டுவாரு." அவர் நீட்டிய கையை மேக்ஸ்வெல் இடது கையால் பிடித்துக்கொண்டார். "சரி," என்றார். கண் கலங்கியது. பாட்டுப் பெட்டி வாங்க வந்ததைச் சொன்ன ஆரோக்கியசெல்வி, அவருக்குப் பேச்சு நின்றுபோனதையும் மெல்லச் சொல்வதற்குள், பழைய சந்தோஷத்தில் விஜயகுமார் உள்ளே போய்க் குழாய் போலிருந்த ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணனுக்கு இதுதானுங்க சரியான பெட்டி. ஒரு பட்டன் அமுக்க வேண்டியதில்ல. உக்காந்த எடத்துல இருந்து வாயத் தொறந்து சொன்னாப் போதும், அது பாடும். அண்ணா, என்ன பாட்டு வேணும்? சொல்லுங்க, சொல்லுங்க."

குழாயின் தலையில் ஒரு நீல வெளிச்சம் சுழன்று காத்திருந்தது. மேக்ஸ்வெல் அதையே பார்த்தார். வாய் திறந்தது.

"சரி," என்றார்.

வெளிச்சம் இன்னும் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு ஒரு பெண் குரல், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது.

"அவருக்குப் பேச்சு வராதுங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி.

விஜயகுமாரின் முகம் வெளுத்தது. "டீச்சரம்மா, சத்தியமாத் தெரியாதுங்க," என்றவர் பெட்டியின் வயரைப் பிடுங்கி மேசைக்குக் கீழே தள்ளினார். மேக்ஸ்வெல் அவருடைய முழங்கையை இரண்டு முறை தட்டிக் கொடுத்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவருக்கே அவர் ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று.

அடுத்து விஜயகுமார் காட்டியது அழகான செட். நடுவில் கண்ணாடி முகப்புள்ள கறுப்புப் பெட்டி, இரண்டு பக்கமும் ஒல்லியான ஸ்பீக்கர்கள். சத்தம் கூட்டும் திருகும் இல்லை, பட்டனும் இல்லை. கண்ணாடியைத் தடவினால் எழுத்து மின்னும். "இதோட ஆப்பை உங்க போன்ல ஏத்திட்டா, பள்ளிக்கூடத்துல உக்காந்தபடியே ஊட்டுல பாட்டு போட்டுவிடலாமுங்க. சத்தம் கூட்டலாம், கொறைக்கலாம், மாத்தலாம். அண்ணன் ஒண்ணுமே பண்ண வேண்டியதில்ல."

ஆரோக்கியசெல்விக்கு மனம் நிறைந்துபோனது. மூன்றாவது பீரியடுக்கும் நாலாவது பீரியடுக்கும் நடுவில், அவர் பஸ்ஸில் போடும் பழைய சினிமாப் பாட்டாகப் பார்த்துப் போட்டுவிடலாம். தனியாக இருக்கிறாரே என்று தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து மருக வேண்டியதில்லை. அந்த செட்டில் ஒரு பழைய பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

"ஏனுங்க, இதையே வாங்கிக்கலாமுங்களா?"

"சரி," என்றார் மேக்ஸ்வெல்.

"கட்டிருங்க," என்றாள் விஜயகுமாரிடம்.

விஜயகுமார் அட்டைப்பெட்டியில் தெர்மாகோலை வைத்து செட்டை இறக்கப் போனார். மேக்ஸ்வெல் நாற்காலியிலிருந்து எழுந்தார். தடியை ஊன்றி வந்து, இடது கையை அட்டைப்பெட்டியின் வாயில் வைத்தார்.

"அண்ணா, கை மாட்டிக்கும்ங்க."

"சரி, சரி," என்றபடி அவர் பெட்டியைத் தள்ளினார். அது மேசை விளிம்புவரை போய் நின்றது.

ஆரோக்கியசெல்விக்கு வெட்கமாகிவிட்டது. "என்னங்க இது, கடையில வந்து? சரின்னு சொல்லிட்டு எதுக்குத் தள்ளறீங்க?"

"சரி! சரி! சரி!" அவர் குரல் உயர்ந்தது. தலை இடமும் வலமுமாக ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது. கீழே தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் அவர் கையைப் பிடித்து விலக்கப் போனாள். பிடித்த கை பாதியில் நின்றது. இந்தச் 'சரி', சரி இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அது அவள் காதில் விழுந்தது. அப்படியென்றால் இதுவரை சொன்ன சரிகளில் எத்தனை இந்த மாதிரி? கட்டிலை ஜன்னலோரமிருந்து எடுத்து நடு அறையில் போட்டபோது சொன்னாரே, அது? காப்பியை நிறுத்திச் சத்துமாவு கரைத்துக் கொடுத்தபோது? தினமும் காலையில் அவள் பாட்டைப் போட்டுவிட்டு, நல்லாயிருக்குதுங்களா என்று கேட்டபோதெல்லாம்?

கையை எடுத்துக்கொண்டாள். "கட்ட வேண்டாங்க," என்றாள் விஜயகுமாரிடம். பிறகு கணவனிடம் சொன்னாள்: "எனக்குத் தெரியலைங்க. நீங்களே காட்டுங்க."

மேக்ஸ்வெல் மூச்சு வாங்கினார். தடியை ஊன்றி, காலை இழுத்து, கடையின் கோடிக்கு நடந்தார். அங்கே கீழ்த் தட்டில், ஒரு மிக்ஸிக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் நடுவில் மூன்றாவது செட் ஒன்று தூசியோடு இருந்தது. செங்கல் இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பெட்டி. முகப்பின் நடுவில் எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு திருகு. அதற்குக் கீழே ஒன்றிலிருந்து ஆறுவரை எண் போட்ட தடித்த பட்டன்கள். தனியாக இரண்டு மர ஸ்பீக்கர்கள். அவர் இடது கையால் அந்தத் திருகைப் பிடித்தார். கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். வழக்கமான வண்டியில் ஏறி உட்கார்ந்த டிரைவர் கியரைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

"அது பழைய மாடலுங்க," என்று இழுத்தார் விஜயகுமார். "வைஃபை எல்லாம் இருக்குது, நெட்டுல இருந்து தானாவே எடுத்துக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ரேடியோவோ பாட்டு லிஸ்ட்டோ போட்டு வெச்சுக்கலாம். ஆனா ஆப்பு சரியா இருக்காதுங்க. பள்ளிக்கூடத்துல இருந்து நீங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி. "போட்டுக் காட்டுங்க."

தூசியைத் துடைத்து, மேசைமேல் ஏற்றி, ஸ்பீக்கர்களை ஓர் ஆள் நீளத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்து இணைத்தார் விஜயகுமார். அவர் எதையோ தட்ட, ஏதோ ஒரு நிலையத்திலிருந்து நாதஸ்வரம் புறப்பட்டது. இடது பக்க ஸ்பீக்கரிலிருந்து நாதஸ்வரம். வலது பக்கத்திலிருந்து தவில். மேக்ஸ்வெல் முதலில் இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம். கடைக்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்து வாசிக்கிறார்களோ என்று தேடுகிற பார்வை. உள்ளங்கை ஸ்பீக்கரில் எல்லாம் ஒரே பொந்திலிருந்து வரும். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. அவருடைய இடது கை மேசையில் தாளம் போட ஆரம்பித்தது. தவில்காரர் ஒரு சுற்றுச் சுற்றி முடித்த இடத்தில் மேக்ஸ்வெல்லின் விரல்களும் 'டக்' என்று முடித்தன.

"இது வேணுமுங்களா?" என்று ஆரோக்கியசெல்வி கேட்டாள். இந்த முறை அவர் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"சரி," என்றார். கை திருகின் மேல் அழுத்தமாக இருந்தது.

ஆப்பு வேலை செய்யாது, அப்புறம் வந்து குறை சொல்ல வேண்டாம் என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே விஜயகுமார் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அவள் சோதித்துப் பார்த்தாள். "ஜன்னலைச் சாத்தட்டுங்களா?" என்றாள். "சரி," என்றார், சொல்லிக்கொண்டே கண்ணாடியை இன்னும் தள்ளித் திறந்தார். அவள் வெளியே பார்க்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. இருவரும் கோயிலில் ஆராதனை முடிந்து வந்த பிறகு விஜயகுமாரே பைக்கில் நாகலூர் வந்து செட்டை வைஃபையில் சேர்த்துக் கொடுத்தார். ஆறு எண்களுக்கும் பார்த்து முடிக்க ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. விஜயகுமார் ஒவ்வொன்றாகப் போடுவார். மேக்ஸ்வெல் மேசையில் தட்டினால் வைத்துக்கொள்வது, கையை வீசினால் விட்டுவிடுவது என்று ஆரோக்கியசெல்வி ஒரு வழி செய்திருந்தாள். ஒன்றாவது எண்ணில் நாதஸ்வரம். பிறகு ஒரு புல்லாங்குழல். கோயிலில் பாடும் ஞானப் பாட்டுகள் வந்தபோது அவற்றையும் தள்ளிவிடுவாரோ என்று பயந்தாள். அவர் பலமாகத் தட்டினார். நாலாவதில் செய்தி, ஒரு நிமிடம் கேட்டுவிட்டுக் கையை வீசினார். வீணைக்குக் கொஞ்சம் யோசித்துத் தட்டினார். பழைய சினிமாப் பாட்டு வந்ததும் உடனே வீசினார்.

"அதுங்களா? அதைத்தான கிறிஸ்துமஸ்ல இருந்து போட்டுக் கொடுத்தேன்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் பிடிக்கவில்லை என்று அவளால் தெரிந்துகொள்ள முடியவில்லை. பாட்டின் சொற்கள் அவரைத் தாண்டிக் கடகடவென்று ஓடிப்போகும்போது, ஸ்டாப்பில் நிற்கிறவனைப் பார்க்காமல் போகிற பஸ்ஸாக இருக்கிறதோ என்னவோ. அல்லது இருபத்தாறு வருடம் பயணிகளுக்காகக் கேட்டே அலுத்துவிட்டதோ. ஞானப் பாட்டிலும் சொல் இருக்கிறதே, அது மட்டும் எப்படி? கேட்க ஆசையாக இருந்தது. கேட்டு அவரைத் திண்டாட வைக்கவும் மனமில்லை. நாலாவதும் ஆறாவதும் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். விஜயகுமார் கிளம்பிய பிறகு, காளியப்பனைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கிப் பழையபடி ஜன்னலோரம் போட்டாள்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பஸ் ஏறினாள். வளைவு திரும்பும்வரை காது வீட்டுப் பக்கமே இருந்தது. நாதஸ்வரம் நிற்கவில்லை. அன்று பள்ளியில் நினைப்பு வீட்டிலேயே இருக்க, பிள்ளைகள் தைத்த பாவாடையில் நாடா போகும் மடிப்பைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு இறங்கியபோது, பஸ் நிற்குமிடத்திலேயே தவில் கேட்டது. வீட்டுக்கு இன்னும் இருநூறு அடி இருந்தது. காளியப்பன் வேலியோரம் நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, மத்தியானத்துல இருந்து கல்யாண ஊடு மாதிரி இருக்குதுங்க. எங்க ஊட்டு மாடு ரெண்டு தடவை கயித்தை அறுத்துருச்சு. நான் போய்ச் சொன்னா, சரி சரிங்கறாரு, இன்னும் கூட்டறாரு."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். மேக்ஸ்வெல் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் சாப்பாடு பாதி அப்படியே இருந்தது. மாத்திரையும் அப்படியே.

"ஏனுங்க! கொஞ்சம் கொறைங்க!"

"சரி," என்று சொல்லி அவர் திருகைக் கூட்டினார்.

"ஊரு முச்சூடும் நம்ம ஊட்டைத்தான் பாக்குது! சோறு அப்படியே கெடக்குது, மாத்திரை போடலை. என்ன மனுசன் நீங்க? வேலைக்குப் போயிட்டு வந்தவ காதுக்கு ஒரு நிம்மதி வேண்டாமுங்களா?"

கை நீட்டித் திருகைக் குறைத்தாள். அவர் அவள் கைமேல் ஓர் அடி வைத்துவிட்டுக் கூட்டினார். அவள் குறைத்தாள். அவர் கூட்டினார். கடைசியில் அவள் வயரையே பிடுங்கப் போவதாக மிரட்ட, அவர் முறைத்துக்கொண்டே இரண்டு விரற்கடை குறைத்தார். இருவருமே தோற்றதாக ஒத்துக்கொள்ளாத ஓர் இடத்தில் சத்தம் நின்றது.

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை 'டங்'கென்று வைத்தாள். வைத்த பிறகுதான், நோயில் விழுந்த நாளிலிருந்து இந்த மனிதரை ஒரு வார்த்தை திட்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள். சத்துமாவு டப்பாவைத் திறக்காமல், காப்பித்தூளை எடுத்து ஒரே ஒரு டம்ளர், சர்க்கரை இல்லாமல் போட்டாள். கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். என்ன என்றோ குடியுங்கள் என்றோ சொல்லவில்லை. அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாடுவரை இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு இல்லாததற்குக் காரணம் நோய் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை.